எத்தனை எக்ஸ் இழுக்கும்?

1. கடை வாசல்

போன் கடையில் வேலை செய்வதற்கு ஆயிரம் விசயம் தெரிந்திருக்க வேண்டும் என்று வெளியில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரே கேள்விக்கு நாள் முழுக்கச் சலிக்காமல் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். திருகோணமலை ரவுண் கடைத்தெருவில் அந்தக் கேள்வி, "அண்ணை, இது எத்தனை எக்ஸ் இழுக்கும்?" என்பதுதான்.

ஸூம் என்ற சொல்லைக் கடையில் நான் மட்டும்தான் பாவிக்கிறேன். மற்றவர்களுக்கு அது இழுப்பு. வாங்க வருகிறவர் போனைக் கையில் எடுத்ததும் நேரே வாசலுக்குப் போவார். தெருக்கோடியில் நிற்கிற பஸ்ஸின் நம்பரை இழுப்பார், கோபுரத்தில் இருக்கிற புறாவை இழுப்பார், எதிர்க் கடைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று இழுத்துப் பார்ப்பார். பிறகு வாயைப் பிளந்துகொண்டு உள்ளே வருவார். பெட்டியில் நூறு எக்ஸ் என்று போட்டிருந்தால் வியாபாரம் பாதி முடிந்த மாதிரி.

எனக்கு அந்த நூறைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். இந்தக் கடைக்கு வர முதல் தோளில் வீடியோ கமெராவோடு திரிந்தவன் நான். கலியாண வீடு, பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாம் எடுத்திருக்கிறேன். அந்தக் கமெராவில் லென்ஸ் உண்மையாகவே அசையும். போனில் லென்ஸ் இழுப்பது மூன்று தரம், ஐந்து தரம், நல்ல போன் என்றால் பத்துத் தரம். அதற்கு மேலே எல்லாம் எடுத்த படத்தை வெட்டிப் பெருப்பிக்கிற வேலை. பெருப்பித்தால் படம் கலங்கும். கலங்கின படத்தை ஒருவரும் விரும்பமாட்டார்கள் என்று, இந்த இடத்தில் இன்னது இருக்கலாம் என்று போன் தானே யோசித்து நிரப்பிவிடும். தூரத்துப் போர்டில் எழுத்து மாதிரி ஏதோ தெரியும், வாசிக்கப் போனால் அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இன்னொன்று, பெட்டியில் உள்ள நூறு எக்ஸ் போட்டோவுக்குத்தான். வீடியோவுக்கு மாற்றினால் இருபதில் வந்து நின்றுவிடும். ஃபோர் கே போட்டால் அதிலும் குறையும்.

இதை எல்லாம் வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்துவது என் பழக்கம். எங்கள் முதலாளி கிண்ணியாக்காரர், தங்கமான மனுசன், ஆனால் நான் வாயைத் திறந்தால் வியாபாரம் கெடும் என்று அவருக்குப் பயம். பாடம் எடுக்காமல் போனை எடுத்துக் கொடு என்று பின்னால் நின்று கண்ணைக் காட்டுவார்.

சாந்தினி வந்த அன்றும் கண்ணைக் காட்டினார். அவளுக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும், உப்புவெளியில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளும் எத்தனை எக்ஸ் என்றுதான் தொடங்கினாள், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. வீடியோவில் எவ்வளவு இழுக்கும், விடாமல் எவ்வளவு நேரம் எடுக்கும், வெயிலில் வைத்தால் நின்றுபோகுமா என்று கேட்டாள். இத்தனை காலத்தில் இப்படி ஒழுங்காகக் கேட்ட ஆளை நான் கண்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, இருந்த வித்தை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

கடைசியில், எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டு மேல்தட்டில் நின்று ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும், முன்னூறு நானூறு மீற்றர் வரும் என்றாள். என் மனம் வேறு பக்கம் போனது. புருசனை வேவு பார்க்கப் போன் வாங்குகிறவர்கள் வருவதுண்டு, வேலிச் சண்டைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. அதற்குள் நான் தலை போடுவதில்லை. ஆனால் இவள் முகத்தில் கள்ளம் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிந்தது. இடத்தைப் பார்க்காமல் சொல்ல ஏலாது, ஞாயிற்றுக்கிழமை டெமோ போனைக் கொண்டு வருகிறேன் என்றேன். என் வீடு அலஸ்தோட்டம், அவளுடைய வீடு போகிற வழிதான்.

2. மேல்தட்டு

விறாந்தையைத் தாண்டி உள்ளே போனால் நடு வீட்டில் ஒரு கட்டில். அதில் அவளுடைய தகப்பன் படுத்திருந்தார். துறைமுகத்தில் படகு வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதைக்க ஏலாது. கண் மட்டும் என்னைத் தொடர்ந்து வந்தது. நான் கும்பிட்டேன், அவர் விரலைக் கொஞ்சம் அசைத்தார்.

மேலே கொங்கிறீற் தட்டு மட்டும் போட்டுச் சுவர் எழுப்பாமல் விட்டிருந்தார்கள். கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, காயப்போட்ட படுக்கை விரிப்புகள், அவ்வளவுதான். அவள் கையை நீட்டிக் காட்டினாள். நான் போனைப் பிடித்து இழுத்தேன். வெறும் தரவை, ஆடு மேய்கிற புல் நிலம். அதற்கு அங்கால் நாலைந்து பனை, ஒரு தகரக் கொட்டில், பக்கத்தில் அடுக்கிய விறகு. ஒரு நிமிசம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் போனை இறக்கிவிட்டேன். அது சுடலை.

"என்ன தங்கச்சி இது, அப்பா கீழ உயிரோட கிடக்கிறார்" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. நிழலில் இருந்த பழைய கதிரையை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். தாய் செத்தபோது பெண்கள் எல்லோரும் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், பாடை படலையைத் தாண்டினால் பிறகு ஆண்களின் காரியம். போன ஆண்கள் திரும்பி வந்து, முழுகி, சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

"அம்மாவுக்கு என்னெண்டு நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல அண்ணை. கேட்டன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டிச்சினம். நல்லபடியா எண்டா என்ன?"

அந்த வார்த்தையை நானும் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு அப்படி விட ஏலாது என்றாள். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, இவள் ஒருத்திதான். கொள்ளி வைக்கப் போவது சித்தப்பாவின் மகன் குகன், நல்ல பெடியன்தான், ஆனால் இந்த வீட்டுக்கு வருடத்தில் ஒரு தரம் வந்தால் பெரிய காரியம். அப்பாவைக் குளிப்பாட்டியது, குழாயில் சாப்பாடு கொடுத்தது, முதுகில் புண் வராமல் பிரட்டிப் பிரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் இவள். கடைசியில் உள்ளதை மட்டும் ஏன் வேறு ஆட்களிடம் விட்டுவிட்டு வீடு கழுவ வேண்டும் என்று கேட்டாள்.

நியாயம்தான். அப்படியென்றால் கூடவே போங்கள், இப்போது சில இடங்களில் பெண்களும் போகிறார்கள் என்றேன்.

"அப்பாவைத் தூக்கிறதுக்கு ஆக்கள் வேணும் அண்ணை. நான் படலையைத் தாண்டினா, சித்தப்பா ஆக்கள் பாடையை அதிலேயே இறக்கி வைச்சிட்டுப் போயிடுவினம். அவர் றோட்டில கிடக்க ஏலாது."

யாராவது ஓர் ஆணிடம் போனைக் கொடுத்து அங்கே நின்று எடுக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறாள். சுடலையைப் படம் பிடித்துப் பெண்களுக்குக் காட்டுவதோ என்று எரிந்து விழுந்தாராம். ஒளித்து யாராவது எடுத்தாலும், அந்த ஆள் திருப்பிய பக்கத்தைத்தான் தான் பார்க்கலாம் என்றாள். தன் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகும் பார்க்கப் பதிந்து வைக்க வேண்டும். அதற்குத்தான் போன்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வேலையைத் தொடங்கினோம். கையில் பிடித்து இருபது எக்ஸ் இழுத்தால் சுடலை தாண்டவம் ஆடியது. தாங்கியோடு சாய்த்துப் பிடித்தோம், அப்போதும் ஆட்டம். ட்ரைபொட் இல்லாமல் சரிவராது என்றேன். பத்து எக்ஸில் படம் துப்பரவாக இருந்தது, ஆனால் கொட்டில் நெருப்புப் பெட்டி அளவுதான். இருபதில் விறகு அடுக்க வந்த ஒருவர் உடுத்திருந்த சாரம் என்ன நிறம் என்று தெரிந்தது, முகம் தெரியவில்லை. இன்னும் இழுக்க ஏலாதா என்று கேட்டாள். போட்டோவில் இழுத்துக் காட்டினேன். முகம் மாதிரி ஒன்று வந்தது. அது அந்த ஆளின் முகம் இல்லை, போன் போட்ட முகம், நம்பவேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

"முகம் வேண்டாம் அண்ணை. முகத்தை நான் வீட்டில பார்த்திடுவன்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போனை வீடியோவுக்குத் திரும்ப மாற்றினேன்.

போனை அடுத்த கிழமையே வாங்கினாள். ட்ரைபொட்டை நான் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொடுத்தேன். ஃபோகஸையும் எக்ஸ்போசரையும் பூட்டி வைக்கப் பழக்கினேன், ஏனென்றால் நெருப்பு எரியத் தொடங்கியதும் வெளிச்சம் கூடிவிட்டது என்று போன் மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். சூடு பிடித்தால் கமெரா தானே நின்றுவிடும், மேலே ஒரு துவாய்த் துண்டு போடச் சொன்னேன். பாலர் பாடசாலை விட்டு வந்து ஒவ்வொரு நாளும் மேலே ஏறி ஆடுகளை எடுத்துப் பழகினாள். ஒரு நாள் கடைக்கு வந்தபோது, இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியுமோ என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்குத்தான் முதல் காட்டியதாம். வீடியோவை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த விறகு ஈரமாக இருக்கிறது, எரியாது என்று கையால் காட்டினாராம். சொல்லிச் சிரித்தவள் சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். முதலாளி உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

3. குடை

"அண்ணை, அப்பா போட்டார்" என்று, தகப்பன் கண்ணை மூடிய கையோடு அவளே போன் எடுத்துச் சொன்னாள்.

பிரேதம் எடுக்கிற அன்று சனம் கூட முதலே போய், ட்ரைபொட்டைத் தாங்கிக்குப் பின்னால் றோட்டுக்குத் தெரியாமல் நிறுத்தினேன். ஃபோகஸையும் எக்ஸ்போசரையும் பூட்டி, இருபதில் வைத்து, விறகு அடுக்கிய இடம் நடுவில் வரும்படி திருப்பினேன். அவள் அழுத்த வேண்டியது சிவப்புப் பொத்தானை மட்டும்தான். நானும் மேலே அவளுக்குப் பக்கத்தில் நிற்பதாகத்தான் எண்ணியிருந்தேன், போன் இடையில் நின்றுபோனால் பார்க்கலாம் என்று.

படலையில் பாடை ஒரு தரம் நின்றது. பெண்கள் குழறி அழுதார்கள், சாந்தினியும் குழறினாள். அது நடிப்பில்லை. தகப்பன் போகிறார், படலைக்கு உள்ளே நின்று கையை நீட்டினாலும் எட்டாது. அப்போது சித்தப்பா என் கையைப் பிடித்து, "வாங்கோ தம்பி, தோள் குடுங்கோ" என்றார். மறுக்க வழியில்லை. நான் அவளைப் பார்த்தேன். போங்கள் என்று தலையை ஆட்டினாள். தோளைக் கொடுத்தேன்.

சுடலையில் இறக்கி வைத்ததும் நான் செய்த முதல் வேலை வீட்டைத் திரும்பிப் பார்த்ததுதான். தரவைக்கு அங்கால் தாங்கி கறுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஏறிவிட்டாள் என்று கொஞ்சம் நிம்மதி வந்தது. அடுத்த நிமிசம் அந்த நிம்மதி போனது. வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பதற்காக ஆண்கள் எல்லோரும் வீட்டுப் பக்கமாகவே வந்து நின்றார்கள். அவளுக்கும் தகப்பனுக்கும் நடுவில் மதில் மாதிரி முதுகுகள். அத்தனை நாள் ஆட்டைப் படம் பிடித்துப் பழகினோமே, ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று யோசிக்கவில்லையே என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

காற்று மறைக்கிறது, நெருப்புப் பிடிக்காது, கொஞ்சம் விலகுங்கள் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகத் தள்ளினேன். கலியாண வீட்டில் சனத்தை விலக்கிப் பழகிய வாய், அன்று உதவியது. இரண்டு பக்கமும் பிரிந்து நின்றார்கள். ஆனால் சித்தப்பா நடுவிலேயே நின்றார். கையில் பெரிய கறுப்புக் குடை, குகன் தலையில் வெயில் படக்கூடாது என்று விரித்துப் பிடித்துக்கொண்டு. இருபது எக்ஸில் அந்தக் குடை பாதிப் படத்தை விழுங்கிவிடும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். ஐயர் மந்திரத்தை முடிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்.

"ஐயா, குடையை மடக்குங்கோ" என்றேன்.

"ஏன் தம்பி?"

ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. "அங்க இருந்து பார்த்தாத் தெரியாது" என்றேன்.

அவர் நான் பார்த்த திசையில் பார்த்தார். வீடு, தாங்கி, புள்ளி. கிழவனுக்குக் கண் நல்ல கூர்மை. முகம் இறுகியது. "அவளோ?" என்றார். ஓம் என்றேன். என்னை அந்த இடத்திலேயே அடித்திருந்தாலும் நான் பேசாமல் வாங்கியிருப்பேன். அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் நின்றார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

குகன் கொள்ளிக்குடத்தோடு மூன்று தரம் சுற்றினான். குடத்தைப் போட்டு உடைத்தான். முதுகைத் திருப்பிக்கொண்டு பின் கையால் கொள்ளியை வைத்தான். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவரோடு போகிற நாங்களும் பார்க்காமல் நடந்துவிடுவோம். விறகு தள்ளிக் கொடுக்கிற ஆள் ஒருவர் மட்டும் நிற்பார், அவரும் தூரத்தில் பனை நிழலுக்குப் போய்விடுவார். நடவுங்கள் என்று ஐயர் சொன்னார். நடந்தோம்.

கமெரா தூக்கின காலத்தில் நான் எத்தனை செத்த வீடு எடுத்திருப்பேன். எல்லாம் அந்த இடத்தோடு முடிந்துவிடும். கொள்ளி வைத்ததும் லென்ஸை மூடிவிட்டு எல்லோரோடும் நடப்பேன். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

4. வெட்டு

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு கடைக்கு வந்தாள். போன் நிரம்பிவிட்டது, வீடியோவை பென் டிரைவில் போட வேண்டும் என்றாள். கம்பியூட்டரில் ஏற்றிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டேன்.

படம் நான் எதிர்பார்த்ததை விட மோசம். கானலில் எல்லாம் நெளிந்தது. ஆட்கள் விரல் அளவு, ஒருவருக்கும் முகம் இல்லை. முதுகுகள் பிரிந்தன, குடை வந்து மறைத்தது, பிறகு விலகியது. அடுக்கிய விறகின் மேல் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது, அது அவளுடைய அப்பா. நெருப்பு வந்தபோது படம் இருளவில்லை, பூட்டியது வேலை செய்திருந்தது.

ஆனால் நான் நினைத்தே பார்க்காத ஒன்று, சத்தம். போன் படத்தைத்தான் இழுக்கும், சத்தத்தை இழுக்காது. மைக் இருக்கிற இடத்துச் சத்தம்தான் பதியும். நானூறு மீற்றருக்கு அங்கால் ஐயர் மந்திரம் சொல்கிறார், ஒன்றும் கேட்காது. கேட்டதெல்லாம் மேல்தட்டில் அவள் விட்ட மூச்சும் அவள் கதையும். அவள் தகப்பனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அந்தா குகன் குடத்தைத் தூக்கிறான் அப்பா. குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஆர், சித்தப்பாவோ, தள்ளுங்கோவன். ஆ, தெரியிறீங்கள். பயப்பிடாதேங்கோ, விறகு காய்ஞ்சிட்டுது. இப்படியே, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரி.

இந்தத் தொழிலில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பெட்டியில் உள்ள எண்ணைச் சொல்லி விற்காதீர்கள். எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் அந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். படம் எவ்வளவு கிட்ட வந்தாலும் பார்க்கிற ஆள் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார், அவருடைய சத்தமும் அங்கேதான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் வீடியோ எடுத்த எனக்கு இது அன்றுதான் உறைத்தது.

உங்களுடைய சத்தம் இருக்கிறது, அதை அழித்துவிடட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"எல்லாரும் போனாப் பிறகு உள்ளதை மட்டும் வெட்டித் தாங்கோ அண்ணை. முன்னுக்கு உள்ளது அவையளின்ர. பிறகு உள்ளது என்ர."

வெட்ட வேண்டிய இடத்தைத் தேடி முன்னுக்கு ஓடவிட்டேன். ஆண்கள் கூட்டமாக நடக்கத் தொடங்கினார்கள். குகன் போனான், ஐயர் போனார், குடையைக் கக்கத்தில் வைத்தபடி சித்தப்பா போனார். எல்லோருக்கும் பின்னால் நீலச் சேட்டுப் போட்ட ஒருவன் கடைசியாக நடந்து, படத்தின் விளிம்புக்கு வந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். அது நான்.

அந்த முதுகு மறைந்த இடத்தில் வெட்டினேன். அவளுடைய வீடியோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. நெருப்பு மட்டும் தெரிகிறது, சுற்றிவர ஒருவரும் இல்லை. கிட்டத்தில் அவளுடைய குரல் கேட்கிறது.

"எல்லாரும் போட்டினம் அப்பா. நான் நிக்கிறன்."